கதவில்லாத கலத்தின் கடைசிச் சொல்

இது விண்வெளிப் புதிர் என்றதும் பயந்துவிடாதீர்கள். ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தால் போதும். அதுவும் படித்த தமிழ்கூட வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழ் போதும்.

நாற்பத்து மூன்று வருடங்களுக்கு முன்னால், திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வார இதழில் 'கதவில்லாத கலம்' என்றொரு தொடர்கதை வந்தது. எழுதியவர் நாகசுந்தரம். விண்கலத்தில் போன செழியனுக்குப் பெயர் தெரியாத நோய் தொற்றிக்கொள்கிறது. அது பூமிக்கு வந்துவிடக்கூடாது என்று, கலத்தின் கதவை வெளிப்பக்கமாக வெல்டிங்கில் பற்றவைத்து அடைத்து, ஆளோடு இருட்டுக்குள் தள்ளிவிடத் தீர்மானிக்கிறார்கள். செழியனுக்கு இது தெரியும். வானொலியில் அவனோடு பேசும் மனைவிக்குத் தெரியாது. அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவனே அவன்தான். கடைசி வரியில் அவளிடம் சொல்கிறான்: "போய் வருகிறேன்."

வாசகர்கள் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வருகிறேன் என்றவன் வராமல் இருப்பானா? பொன்மலையில் வெல்டராக இருந்த ஆரோக்கியசாமி ஒரு வாசகர் வட்டமே தொடங்கிவிட்டார். வருடா வருடம் கதை முடிந்த தேதியில் ஒரு கூடத்தில் கூடி, கடைசி அத்தியாயத்தை உரக்கப் படிப்பார்கள். கடைசி வரியை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். அந்தப் பற்றவைப்பை உள்ளே இருந்தபடியே உடைக்க ஆரோக்கியசாமியிடம் பதினேழு வழிகள் இருந்தன. பதினேழையும் கேட்டு முடிக்காமல் யாருக்கும் டீ கிடையாது.

முன்வரிசையில் ஒரு நாற்காலி எப்போதும் கோமளவல்லிக்கு. அந்த இதழில் பிழை திருத்துபவராக இருந்தவர். "நமக்கெல்லாம் முன்னால படிச்சவங்க" என்றுதான் அவரை அறிமுகம் செய்வார்கள். எழுபது வயதில், தனியாக இருக்கும் அவரை நாலு பேர் பெயர் சொல்லி மரியாதையாக வரவேற்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

கதை இப்போது புத்தகமாக வருகிறது. பிழை திருத்தக் கோமளவல்லியையே கூப்பிட்டார்கள். இதழின் பிரதிகள் எங்கும் கிடைக்கவில்லை. வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த ஒரே தொகுப்பு ஆரோக்கியசாமியிடம் இருந்தது. ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவர் அதைக் கொடுத்தார். நாகசுந்தரமும் தான் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அதற்கும் கோமளவல்லி சரி என்றார். இரண்டும் ஒரே வாக்கு என்றுதான் அவர் நினைத்தார்.

மறுவாரம் நாகசுந்தரம் தன் கையெழுத்துப் பிரதியின் கடைசித் தாளை எடுத்துக்கொண்டு உறையூரில் கோமளவல்லியின் வீட்டுக்கு வந்தார். அதில் இருந்த கடைசி வரி: "போகிறேன்."

பார்த்ததும் கோமளவல்லிக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மாற்றியது அவரேதான். பெண்டாட்டியிடம் விடைபெறுகிறவன் 'போகிறேன்' என்பானா, அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று கை தன்பாட்டில் திருத்தியது. விட்டுப்போன ஒற்றைப் போடுவதுபோலப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். அத்தோடு மறந்தும் போனார்.

நாகசுந்தரம் மறக்கவில்லை. இதழாசிரியர் செய்த வேலை என்று நினைத்து, என்றோ இறந்துவிட்ட அந்த மனிதரை இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவர் பதினோரு நாவல்கள் எழுதினார். ஒன்றைப் பற்றியும் யாரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரிப் படுக்கையில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: செழியன் எப்போது வருவான்?

"அவன் கதைய நான் அப்பவே முடிச்சிட்டேம்மா. நாப்பத்து மூணு வருஷமா இவங்க அவனைச் சாக விடல. என்னையும் வெளிய விடல" என்றார்.

அவர் இருக்கும்போதே ஆரோக்கியசாமியையும் வரவழைத்துத் தாளைக் காட்டினார் கோமளவல்லி. மாற்றியது யார் என்பதை மட்டும் இருவரிடமும் சொல்லவில்லை. ஆரோக்கியசாமி அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"எழுதினது ஐயாதான், இல்லேங்கல. ஆனா காத்துக்கிட்டு இருந்தது நாங்க. அந்த வரிய எடுக்கிறதா இருந்தா எங்க தொகுப்பைக் குடுத்துடுங்கம்மா" என்றார்.

நாகசுந்தரம் எழுந்துவிட்டார். அந்த வரியோடு வந்தால் புத்தகத்தில் தன் பெயரே வேண்டாம் என்றார். செத்தாலும் இந்த வாசலை இனி மிதிக்கப் போவதில்லை என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, கோபம் கொஞ்சமும் தணியாமல், "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போயாக வேண்டும். ஒரு வாக்கைக் காப்பாற்றினால் இன்னொன்று உடைகிறது. உண்மையைச் சொன்னால் இருக்கும் ஒரே மரியாதையும் போகும். சொல்லாவிட்டால் செய்யாத குற்றத்துக்கு இறந்தவர் திட்டு வாங்கிக்கொண்டே இருப்பார். கோமளவல்லி கையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைத்திருக்கிறது. அவருக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இதில் யார் சொல்வது சரி, அச்சேற வேண்டிய சொல் எது?

விடை: செழியன் இறந்துவிட்டான் என்று நாகசுந்தரம் சொல்வது சரி. அவன் 'போய் வருகிறேன்' என்றுதான் சொன்னான் என்று வாசகர் வட்டம் சொல்வதும் சரி. இரண்டுக்கும் சண்டையே இல்லை. திரும்பி வருகிறவர்கள் மட்டுமா நம்மிடம் அப்படிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள்? வருகிற எண்ணம் துளியும் இல்லாத நாகசுந்தரமே படியிறங்கும்போது அதைத்தான் சொன்னார். செழியன் தன் மனைவியிடம் 'போகிறேன்' என்று சொல்லியிருந்தால், அவன் மறைக்க நினைத்தது அந்த நொடியிலேயே அவளுக்கு விளங்கியிருக்கும். ஆகவே அச்சேற வேண்டியது 'போய் வருகிறேன்'. கோமளவல்லியின் திருத்தம் சரி. எழுதியவரைக் கேட்காமல் திருத்தியதும், தெரிந்த பிறகு மறைத்ததும் தவறு. அவர் நாகசுந்தரத்தின் வீட்டுக்குப் போய், மாற்றியது நான்தான் என்று சொல்லி, கொடுத்த வாக்கிலிருந்து தன்னை விடுவிக்கும்படி கேட்க வேண்டும். நாகசுந்தரம் மனமிரங்கினாலும் அத்தோடு முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்த வரியை எல்லோரும் சேர்ந்து சொல்லி முடித்ததும், செழியன் இனி வரமாட்டான் என்று கோமளவல்லி எழுந்து சொல்ல வேண்டும். அதை ஆரோக்கியசாமியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.