உப்பு பத்தல

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டர் இருந்தான். பேரு தவசி. ஆளு எப்படி இருப்பான்னா, பஸ்ல நின்னுக்கிட்டுப் போறவங்க பிடிச்சுக்கிற கம்பி இருக்குல்ல, அந்தக் கம்பிக்குக் காக்கிச் சட்டை மாட்டி விட்ட மாதிரி இருப்பான். ஆனா வாய் மட்டும் ரெண்டு மாடி பஸ். "ம்" சொல்லு. நீ "ம்" சொல்லலைன்னா கதை அடுத்த ஸ்டாப்புக்குப் போகாது.

ம்.

அந்தத் தவசிக்கு வடிவுன்னு ஒரு பொண்டாட்டி. செவ்வந்தி, மாசிலான்னு ரெண்டு பிள்ளைங்க. அவளுக்கு எட்டு வயசு, அவனுக்கு அஞ்சு. தை மாசம் மூணாவதா ஒரு பாப்பா பிறந்துச்சு. அந்தப் பிரசவத்துக்கு வடிவு அவ அம்மா வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தா. பெரிய பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கே, அதனால ரெண்டும் அப்பனோட விருதுநகர்ல.

தவசிக்குச் சமைக்கத் தெரியுமா? தெரியும். உப்புமா தெரியும். காலையில உப்புமா, மத்தியானம் கெட்டி உப்புமா, சாயங்காலம் தண்ணி உப்புமா. பத்தே நாள்ல, வழக்கமா வர்ற பூனை எதிர்வீட்டுக்குக் குடி மாறிருச்சு. வாசல்ல நின்னு தவசியைப் பார்த்து ஒரு "மியாவ்"கூடச் சொல்லாது. தெரியாத ஆளு மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கும்.

அப்புறம் பங்குனி வந்துச்சு. வேப்பமரம் எல்லாம் பூத்துக் கொட்டுது, சந்தையில மாங்காய் வந்திருச்சு. தவசிக்கு வீடு வெறிச்சுன்னு இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போனான். மாமியார் பேரு ஆவுடை. அந்தம்மா பார்த்தா போதும், பொங்கப் போற பால் தானா அடங்கிரும்.

"அத்தை, பாப்பாவுக்கு மூணு மாசம் ஆகப்போகுது. சித்திரை ஒண்ணாம் தேதி கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

"எதுக்கு மாப்ள? பச்சப்பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு உங்க மூணு பேருக்கும் வடிச்சுக் கொட்டவா? ஒத்த வேலை தெரியுமா உங்களுக்கு? ஆடி கழியட்டும், பார்ப்போம்."

ஆடி கழியணும்னா இன்னும் நாலு மாசம்! தவசி பேசாம "சரிங்க அத்தை"ன்னிருக்கலாம். ஆனா அந்த நேரம் பார்த்து அவன் வாயில ஒரு கூழ்வத்தல் இருந்துச்சு. நொறுக் நொறுக்னு கடிச்சுக்கிட்டே சொல்றான், "இது என்ன அத்தை பெரிய வித்தை? இந்த மாதிரி வத்தல் நானே போடுவேன்."

கதவுக்குப் பின்னாடி நின்ன வடிவு நெத்தியில அடிச்சுக்கிட்டா. மடியில இருந்த பாப்பாகிட்ட, "நீ இங்கயே நடக்கப் பழகிக்கோ, கண்ணு"ன்னா.

ஆவுடை விடுமா? "போடுங்க மாப்ள. ஒரு டின் கூழ்வத்தல். சித்திரை ஒண்ணாம் தேதி கொண்டாங்க. எம்மக தின்னுட்டு நல்லாருக்குன்னு சொன்னா, அன்னைக்கே பெட்டியைக் கட்டித் தர்றேன். இல்லைன்னா ஆடிதான்."

"தாத்தா, அந்தத் தவசி நீதானே?"

நானா? ச்சீ ச்சீ. அவன் மூக்கு இம்மாம் பெரிசு. என் மூக்கைப் பாரு, எவ்வளவு அடக்கமா இருக்கு. நீ "ம்" மட்டும் சொல்லு.

ம்.

ஊருக்கு வந்த மூணாம் நாள் வடிவுகிட்ட இருந்து ஒரு இன்லாண்ட் லெட்டர் வந்துச்சு. மூணு பக்கமும் ஒட்டி வரும், பார்த்து நிதானமாப் பிரிக்கணும். ஆனா தவசி கை யாரு கை? ஒரு நாளைக்கு ஆயிரம் டிக்கெட் கிழிக்கிற கை. கிழிச்சான் பாரு, சர்ர்ர்ர்! லெட்டர்ல பாதி வரி அந்தப் பக்கமும் பாதி வரி இந்தப் பக்கமும் போயிருச்சு. ஒரு துண்டை மாசிலா எடுத்துக் கப்பல் பண்ணித் தண்ணித் தொட்டியில விட்டுட்டான்.

மிச்சம் இருந்ததை வாசிச்சான். அரிசியை ஊற வச்சு ஆட்டணும், ஒரு ராத்திரி புளிக்க விடணும், பச்சமிளகாயும் சீரகமும் அரைச்சுப் போடணும், கட்டி தட்டாமக் கிண்டணும். எல்லாம் இருந்துச்சு. கடைசி வரி மட்டும், "உப்பு மட்டும்..." அவ்வளவுதான். அதுக்கு மேல கப்பல்ல போயிருச்சு.

தவசி யோசிச்சான். உப்பு மட்டும்னா என்ன அர்த்தம்? உப்பு மட்டும் குறையாமப் பார்த்துக்கோங்கன்னுதான் எழுதியிருப்பா. வேற என்ன எழுதுவா?

அப்புறம் ஒரு லீவு நாள் பார்த்து, அடுப்புல அண்டாவை ஏத்தி, மாவைக் கரைச்சு ஊத்திக் கிண்டுறான். புளுக், புளுக், புளுக்னு கூழ் கொதிக்குது. ஒவ்வொரு புளுக்குக்கும் ஒரு சொட்டு தெறிச்சு மூஞ்சியில ஒட்டுது. துடுப்பை அவன் கிண்டுறானா, துடுப்பு அவனைக் கிண்டுதான்னு தெரியல. மூணாவது சுத்துல அவனே அண்டாவைச் சுத்தி ஓடிக்கிட்டு இருக்கான்.

கூழ் வெந்திருச்சு. உப்புப் பார்க்கணுமே! ஆற விட்டுப் பார்த்திருக்கலாம். அறிவாளி, கொதிக்கக் கொதிக்க ஒரு கரண்டி எடுத்து நக்கினான். "ஆஆஆ!" நாக்கு பொத்துப் போச்சு. அதுக்கப்புறம் அந்த நாக்குல சீனியைப் போட்டாலும் ஒண்ணுதான், சிமெண்டைப் போட்டாலும் ஒண்ணுதான்.

"ஏய் பிள்ளைங்களா, இங்க வாங்க. உப்புப் பாருங்க."

ரெண்டும் ஓடி வந்துச்சு. ரெண்டு மாசமா உப்புமாவே தின்னு தின்னு செத்துப்போன நாக்கு ரெண்டு. கூழ் வாசமோ, பச்சமிளகாயும் சீரகமுமா ஆளைத் தூக்குது. ஆளுக்கு ஒரு வாய், ஊதி ஊதிக் குடுத்தான்.

"எப்படி?"

செவ்வந்தி மாசிலாவைப் பார்த்தா. மாசிலா செவ்வந்தியைப் பார்த்தான்.

"உப்பு பத்தலப்பா."

தவசி ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டான். கிண்டினான். ஆளுக்கு ஒரு வாய் குடுத்தான்.

"இப்போ?"

"கொஞ்சூண்டு பத்தல."

இன்னொரு கை. இன்னொரு வாய்.

இந்தத் தடவை மாசிலாவுக்கு மூக்கு லேசாச் சுருங்குச்சு. ஆனாலும் கை மட்டும் நீண்டுச்சு. "பத்தலப்பா."

மூணாவது கையும் விழுந்துச்சு. அப்பதான் ரெண்டுக்கும் வயிறு நெறஞ்சுது. "இப்போ சரியா இருக்கு"ன்னு சொல்லிட்டு ஏப்பம் விட்டுக்கிட்டே விளையாடப் போயிருச்சுங்க. தவசிக்கு நெஞ்சு நிமிர்ந்து போச்சு. என் பிள்ளைங்க நாக்கு எப்பேர்ப்பட்ட நாக்கு, ஒரு கல்லு உப்பு குறைஞ்சாக்கூடக் கண்டுபிடிச்சிருதுன்னு தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டான்.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் மொட்டை மாடி. வேட்டியை நனைச்சு விரிச்சு, முறுக்குப் பிழியற உழக்குல கூழை அடைச்சு, வரிசை வரிசையாப் பிழிஞ்சான். அவன்கிட்ட இருந்ததே மூணு வேட்டி. விரிச்ச ரெண்டும் பத்தல. கட்டியிருந்த மூணாவதையும் அவுத்து விரிச்சுட்டு, துண்டோட உக்காந்து காவல் காத்தான்.

அப்போ வந்துச்சு பாரு காக்கா. கா கா கா கான்னு விருதுநகர்க் காக்கா மொத்தமும் வந்திருச்சு. தவசி பயந்து போயி, பையில இருந்த விசிலை எடுத்து வேகமா ஒரு ஊது ஊதினான். பீஈஈஈப்!

காக்கா எல்லாம் அப்படியே வந்து வேட்டி மேல உக்காந்திருச்சு.

ஏன்? கண்டக்டர் ஒரு விசில் அடிச்சா என்ன அர்த்தம்?

"வண்டி நிக்கணும்."

ஆங்! பஸ் ஸ்டாண்ட்லயே வளர்ந்த காக்காய்ங்க அது. ஒரு விசில் கேட்டதும் ஸ்டாப்பிங் வந்திருச்சுன்னு எல்லாம் இறங்கிருச்சு. தவசி தலையில அடிச்சுக்கிட்டு, பீப் பீப்புன்னு ரெண்டு விசில் அடிச்சான். ரைட்! அத்தனையும் சிட்டாப் பறந்துபோச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒரு வத்தலை வாயில கவ்விக்கிட்டு, நாலடி பறந்து, த்தூன்னு துப்பிட்டுப் போச்சு. அதைப் பார்த்தாவது தவசிக்குப் புத்தி வந்திருக்கணும். வரலையே. காக்காவுக்கு ருசி தெரியலைன்னு நினைச்சுக்கிட்டான்.

மறுநாள் காத்து வந்துச்சு. பங்குனிக் காத்து, உஸ்ஸ்ஸ்னு அடிச்சுது பாரு, வேட்டி வத்தலோட மேல கிளம்பிருச்சு! தவசி ஒரு முனையைப் பிடிச்சான். கம்பி மாதிரி ஆளுல்ல, அவனும் சேர்ந்து கிளம்பிட்டான். அவன் காலைச் செவ்வந்தி பிடிச்சா. செவ்வந்தி பாவாடையை மாசிலா பிடிச்சான். மூணு பேரும் பட்டம் மாதிரி எதிர்வீட்டு மாடி வரைக்கும் போயி, அங்க படுத்திருந்த அந்தப் பூனையைப் பார்த்து வணக்கம் சொல்லிட்டுத் திரும்பி வந்தாங்க. ஒரு வத்தல் கீழ விழல.

"பொய்."

சரி, ரெண்டு விழுந்துச்சு.

மூணு நாள் வெயில்ல வத்தல் கலகலன்னு காஞ்சு போச்சு. டின் நிறைய. சித்திரை ஒண்ணாம் தேதி காலையில, கிளம்புறதுக்கு முன்னாடி, ஒரு வத்தலை எண்ணெயில போட்டுப் பார்த்தான். புஸ்ஸ்ஸ்னு மல்லிகைப்பூ மாதிரி விரிஞ்சுது. அந்த அழகைப் பார்த்துத் தவசிக்குக் கண்ணே கலங்கிருச்சு. எடுத்து நொறுக்னு கடிச்சான்.

அதுக்குள்ள நாக்கு ஆறியிருந்துச்சு. அதுதான் வினை.

கண்ணு ரெண்டும் வெளிய வந்து, வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு உள்ள போச்சு. நாக்கு சுருண்டு பாயாட்டம் படுத்துக்கிச்சு. தூத்துக்குடி உப்பளத்தையே பொரிச்சு எடுத்த மாதிரி இருக்கு.

"ஏ செவ்வந்தி! நீதானே உப்பு பத்தல பத்தலன்னே?"

செவ்வந்தி தரையைப் பார்த்தா. மாசிலாதான் சொன்னான், "பத்தலன்னு சொன்னா நீ இன்னொரு வாய் குடுத்தியேப்பா."

தவசி திட்ட வாயைத் திறந்தான். ஆனா பிள்ளைங்க மேல என்ன தப்பு? ஒரு வாய் நல்ல கூழுக்கு ரெண்டு பிள்ளைங்களை அலைய விட்ட உப்புமாக்காரன் யாரு? இப்போ மறுபடி வத்தல் போடவும் நேரமில்லை. ஆடி கழியிற வரைக்கும் வெறும் வீடு. தொட்டில் கட்டுறதுக்குன்னு அவன் உத்தரத்துல மாட்டி வச்சிருந்த கொக்கி அப்படியே தொங்கிக்கிட்டு இருக்கு. அதைப் பார்த்தான். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு, டின்னைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினான். ஸ்ரீவில்லிபுத்தூர் போற வரைக்கும் பஸ்ல ஒரு வார்த்தை பேசல. கூட வேலை பார்க்கிற கண்டக்டர், "என்ன தவசி, உடம்புக்கு முடியலையா?"ன்னு கேட்டான்னா பார்த்துக்கோ.

ம் சொல்லு.

ம்ம்.

மாமியார் வீட்டுல வருசப்பொறப்புச் சாப்பாடு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், எல்லாம் இலையில. ஆவுடை டின்னைத் திறந்து, வத்தலை எண்ணெயில போட்டுச்சு. புஸ்ஸ்ஸ்! "அட, பொரியுதே!"ன்னு மாமியாருக்கே ஆச்சரியம். முதல் வத்தலைக் கொண்டு வந்து வடிவு இலையில வச்சுச்சு.

"நீ தின்னு சொல்லுடி. உன் புருஷன் கைப்பக்குவம்."

தவசி சாமியைக் கும்பிடலாம்னு பார்த்தான். எந்தச் சாமியைன்னு தெரியல. உப்புக்குன்னு தனியா சாமி இருக்கான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே வடிவு கடிச்சுட்டா.

நொறுக்.

அவ காது சிவந்துச்சு. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குச்சு. கண்ணுல தண்ணி கட்டிருச்சு. அவ பாப்பாவைப் பார்த்தா. செவ்வந்தியோட துருத்தின கழுத்தெலும்பைப் பார்த்தா. கையெல்லாம் கூழ் தெறிச்ச கொப்புளமா நிக்கிற தவசியைப் பார்த்தா. அப்புறம் மிச்ச வத்தலையும் வாயில போட்டு, மெதுவா, முழுசா மென்னு முழுங்கினா.

"நல்லாருக்கும்மா. கொஞ்சம் உப்பு பத்தல."

"ஆமா ஆச்சி, பத்தல!"ன்னு மாசிலா பழக்கத்துல கையை நீட்டினான்.

ஆவுடை ஒரு வத்தலை எடுத்துக் கடிச்சுது. மெல்லுறதை நிறுத்துச்சு. ஒரு செம்புத் தண்ணியை மடக் மடக்னு குடிச்சுது. கீழ வச்சுது. மகளையே பார்த்துச்சு.

"ஏட்டி, நெசமாவா சொல்லுத?"

"நெசமாத்தான்."

ஆவுடை டின்னை மூடி வச்சுது.

"இதைத் தின்னுட்டு உப்பு பத்தலைங்கிறவளை நான் கட்டியா போட முடியும்? மாப்ள, பெட்டி பரண்ல கிடக்கு. எறக்குங்க."

அப்புறம் என்ன, பஸ் ஏறியாச்சு. சிவகாசி வர்றதுக்குள்ள வடிவு ஒரு கூஜா தண்ணியைக் காலி பண்ணிட்டா.

"நான் லெட்டர்ல எழுதினதைப் படிக்கலையா நீங்க? உப்பு மட்டும் ஒரு கை குறைச்சுப் போடுங்க, காயக் காய ஏறிக்கும்னு எழுதியிருந்தேனே?"

"படிச்சேன் வடிவு. கிழிஞ்ச வரைக்கும் படிச்சேன்."

அவ சிரிச்ச சிரிப்புல பாப்பா முழிச்சு, பாப்பா அழுத அழுகையில டிரைவர் பிரேக் போட்டுட்டாரு. அந்த டின்னு வத்தலைத் தீர்க்க ரெண்டு வருசம் ஆச்சு. ரசத்துக்கு உப்பே போடுறதில்லை. ஒரு வத்தலை நொறுக்கிப் போட்டுட்டா போதும்.

வத்தலும் தீர்ந்துச்சு, கதையும் தீர்ந்துச்சு. ரைட், ரைட், கண்ணை மூடு.

"தாத்தா."

என்ன?

"கதை பத்தல."

அடி கள்ளி! இதையும் உங்கம்மா செவ்வந்திதான் சொல்லிக் குடுத்தாளா? தூங்கு.