மூன்றாம் மெஷினின் நான்கு நாட்கள்

சென்னியப்பனுக்கு வயது ஐம்பது. அவருடைய குரு தாட்சாயணிக்கு முப்பத்திரண்டு. திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில் தாட்சாயணி கருவிகளைப் பார்க்கும் என்ஜினியர். சென்னியப்பன் அவரிடம் தொழில் கற்ற டெக்னீஷியன். வயதைப் பார்த்தால் வேலை ஓடாது என்று சென்னியப்பனே சொல்லிக்கொள்வார்.

அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சிக்னல் கண்டிஷனர் உண்டு. கட்டைவிரல் அகலத்தில் ஒரு பெட்டி. தொட்டியின் சூட்டை வாங்கித் திரைக்கு அனுப்புவது அதன் வேலை. எத்தனை டிகிரி வரை அளக்க வேண்டும் என்பதை லேப்டாப்பில் இருந்தும் ஏற்றலாம், பெட்டியின் முகத்தில் கீபேடைச் சொருகியும் ஏற்றலாம். ஒரு பெட்டியின் அமைப்பை அப்படியே எடுத்து இன்னொன்றில் இறக்கும் வசதியும் கீபேடில் உண்டு. தாட்சாயணிக்கு அது பிடிக்காது. ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் படித்து ஏற்றச் சொல்வார்.

மூன்றாம் மெஷினின் பெட்டி பழுதானபோது, சென்னியப்பன் அவசரத்தில் ஏழாம் மெஷினின் அமைப்பை எடுத்துப் புதுப் பெட்டியில் இறக்கிவிட்டார். ஏழு, பாலியஸ்டருக்கு; நூற்று நாற்பது வரை. மூன்று, பருத்திக்கு, நூறு வரைதான். மூன்றின் திரையோ நூறு வரை என்றே கணக்குப் போட்டது; அதில் அறுபது தெரிந்தபோது தொட்டியில் எண்பத்து நான்கு. நான்கு நாட்களில் மூன்று லாட் துணி நிறம் கெட்டது.

பழி மெஷின் ஓட்டிய ஆறுச்சாமியின் மேல் விழுந்தது. "நான் அறுபதுலதானுங்க வெச்சேன்" என்று அவர் சொன்னதை மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றோடு நின்றுகொள் என்றுவிட்டார்.

ஐந்தாம் நாள் காலையில்தான் சென்னியப்பனுக்குத் தன் தவறு பிடிபட்டது. யாரும் பார்க்காதபோது கீபேடைச் சொருகி, நூறு என்று மாற்றினார். அப்பாடா என்று திரும்பினால், ஆறுச்சாமி தன் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தார். வெட்கம் சென்னியப்பனைப் பிடுங்கித் தின்றது. சொன்னால் வேலை போகும். வேலை போகாவிட்டாலும் பெயர் போகும்.

அவர் தாட்சாயணியிடம் போய் நின்றார்.

"ஒரு சந்தேகமுங்க மேடம்."

"சொல்லுங்கண்ணா."

"ஒரு செட்டிங் தப்பாப் போயிருச்சு. அப்பறம் சரி பண்ணியாச்சு. அதைப் போயி இன்னமும் சொல்லோணுங்களா?"

"எந்த மெஷின்?"

"மூணு."

தாட்சாயணி எழுந்து, பெட்டிகள் இருக்கும் பேனலுக்கு நடந்தார். கதவைத் திறந்து, கீபேடை அவரிடம் நீட்டினார்.

"சொருகிப் படிங்க."

"ஜீரோல இருந்து நூறு."

"சரிதானே?"

"சரிதானுங்க."

தாட்சாயணி லேப்டாப்பையும் இணைத்தார். அதுவும் நூறு என்றே காட்டியது.

"முந்தி என்ன இருந்துச்சு?"

"நூத்தி நாப்பது. ஏழுல இருந்து காப்பி பண்ணிப்போட்டனுங்க."

சென்னியப்பனுக்குக் காது மடல் சுட்டது. அந்த வசதியைத் தொடாதீர்கள் என்று இதே இடத்தில் நின்றுதான் தாட்சாயணி அவருக்குச் சொல்லியிருந்தார்.

தாட்சாயணி திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"எத்தனை நாள் அப்படி ஓடுச்சு?"

"நாலு."

"அந்த நாலு நாளைப் படிங்க."

சென்னியப்பன் பட்டனை அழுத்தினார். மேலே போனார், கீழே வந்தார். மறுபடியும் நூறுதான் வந்தது.

"வராதுங்க மேடம். இப்ப இருக்கறது மட்டுந்தான் இதுல இருக்கும். மாத்துனா பழசு அழிஞ்சு போயிரும்."

"திரையில?"

"அதுல நாலு நாளும் அறுபதுன்னுதான் பதிவாயிருக்கும்."

தாட்சாயணி கீபேடைக் கழற்றி உறைக்குள் போட்டார். பேனல் கதவைச் சாத்தினார்.

"பெட்டி மறந்திருச்சுண்ணா. அந்த நாலு நாள் இப்ப ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. ஒருத்தர் சொல்லிப் பாத்துட்டாரு. யாரும் நம்பல."