நாலு பூவில் ஒரு பேர்

ரைஸ்மில் முதலாளி தாண்டவராயர் பேத்திக்குப் பேர் வைத்தார். ஒரு பூ போதவில்லையாம். நாலு பூவைப் போட்டுப் பிசைந்து 'செண்பகரோஜாமல்லிகாம்புஜவல்லி' என்றார். கடவுளே, அது பேரா, பூக்கடையா? பெற்றவளே பேந்தப் பேந்த விழித்தாள்.

"பாப்பா, குட்டின்னு எவளாவது கூப்பிட்டா அன்னிக்கே வேலை போச்சு! முழுப் பேரையும் சொல்லணும்!" என்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வடிவிடம் கத்தினார். வடிவுக்குச் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டது.

காதுகுத்து வந்தது. பட்டு வேட்டி கட்டிய தாண்டவராயர், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சம்பந்திகளிடம் பேரின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். குழந்தை நெளிந்து காலை உதறியது. வடிவு ஓடி வந்தாள்.

"ஐயா, செண்பகரோஜாமல்லி..."

"விழுங்காதே! நிறுத்தி, அழகாச் சொல்லு!"

"செண்பக... ரோஜா... மல்லிகாம்புஜ... வல்லி ஒண்ணுக்குப் போகப்போகுது, ஐயா."

பேர் முடிவதற்குள் அது முடித்துவிட்டது. வேட்டி நனைந்து நாற்காலியிலிருந்து சொட்டியது. சம்பந்திகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சனியனே, பாப்பாவைத் தூக்குடி!" என்று அலறினார் தாண்டவராயர்.

வடிவு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எந்தப் பாப்பாவை, ஐயா?"