இருட்டைப் பார்க்காத ராஜா

நெடுங்காவூர் ராஜா வீரகேசரி பூபதிக்கு இருட்டு என்றால் என்னவென்றே தெரியாது. தெரிய வழியும் இல்லை. பொழுது சாய்ந்தால் போதும், அவருக்கு முன்னால் நாலு தீவட்டி, பின்னால் நாலு தீவட்டி. மூக்கைச் சிந்தப் போனாலும் கூடவே போகும். அந்த வம்சத்து வழக்கம் அப்படி. ஆகையால் அவர் போன இடமெல்லாம் வெளிச்சம்தான்.

இப்பேர்ப்பட்டவரிடம் போய் வளையல்காரத் தெரு வேலம்மை, தங்கள் தெருவில் விளக்கே இல்லை என்று முறையிட்டாள். அவள் கஷ்டம் அவளுக்கு. பகலெல்லாம் சந்தையில் வளையல் விற்கிறவள். அவள் மகள் தெய்வானையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அந்திக்கு மேல்தான் வரமுடியும். முதலில் வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் இருட்டில் சாக்கடையில் விழுந்தார். சகுனம் சரியில்லை என்று அப்படியே திரும்பிவிட்டார்கள். அடுத்து வந்தவர்கள் விழவில்லை. வீடு தெரியாமல் பக்கத்துத் தெருவுக்குப் போய், அங்கே கொடுத்த பணியாரத்தைச் சாப்பிட்டு, அந்த வீட்டுப் பெண்ணையே நிச்சயம் செய்துவிட்டார்கள்.

"இன்னும் ரெண்டு நாள்ல மூணாவது வரன் வருது, மகாராசா. இதுவும் தட்டிப்போச்சுன்னா எங்க தெருப் பக்கமே யாரும் வரமாட்டாங்க" என்று வேலம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராஜா புருவத்தை உயர்த்தினார். போன மாதம்தான் அந்தத் தெருவில் தாம் உலாப் போனதாகவும், கீழே விழுந்த ஊசியைக்கூடப் பொறுக்கலாம் போல வெளிச்சம் இருந்ததாகவும் சொன்னார். மந்திரி நரசிங்கராயர் உடனே ஒத்து ஊதினார். தெருவிளக்கு அவர் பொறுப்பு. போடாமல் சோம்பி இருந்தவரும் அவர்தான். மகாராஜா கண்ணால் கண்டதையே இல்லை என்கிறாளே, இவளை ஊரைவிட்டு விரட்டவேண்டும் என்றார்.

சபையில் விகடம் பேசுகிற கூத்தபிரான் மெல்ல எழுந்தான். "அரசே, நீங்கள் சொல்வதும் நிஜம். இவள் சொல்வதும் பொய்யில்லை. ஒரே ஒரு தடவை போனால் என்ன தெரியும்? நாலைந்து நாள் அந்தியில் அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள். நீங்கள் வருவதென்றால் அங்கே எல்லோருக்கும் கொள்ளை ஆசை."

ஆசை என்று கேட்டதும் ராஜா இளகிவிட்டார். வாசலில் கூத்தபிரான் வேலம்மையிடம் ஏதோ சொன்னான். அழுதுகொண்டு வந்தவள் சிரித்துக்கொண்டு போனாள்.

முதல் நாள் உலாவில் தெருவே திரண்டு ராஜாவின் பின்னால் வந்தது. குடத்தோடு பெண்கள், கன்றுக்குட்டியோடு ஒருவர், கஷாயக் கிண்ணத்தோடு இன்னொருவர். ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கிணற்றடி வந்ததும் குடங்கள் நின்றுவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் கவனித்தார். கூட்டம் ராஜா முகத்தைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அவரவர் வீட்டு வாசல் வந்ததும், ஒரு கும்பிடுகூடப் போடாமல் உள்ளே போனார்கள். ஒரு கிழவர் மட்டும், "கொஞ்சம் மெதுவாப் போங்க சாமி, பூட்டுத் துவாரம் தெரியல" என்றார்.

மூன்றாம் நாள் வேலம்மையே வந்தாள். அவள் பின்னால் புதுவேட்டி கட்டிய நாலைந்து பேர். ராஜா தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கூடவே கூத்தபிரானும் மந்திரியும். தன் வீட்டு வாசலில் வேலம்மை சட்டென்று நின்றாள்.

"மகாராசா, கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நில்லுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாக்கடையைத் தாண்டணும்."

ராஜா தள்ளி நின்றார். இந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக்கொண்டு பத்திரமாகத் தாண்டினார். கதவு சாத்திக்கொண்டது.

"கூத்தபிரானே, இவர்கள் என்னைப் பார்க்க வரவில்லையா?"

"தீவட்டியைத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டுப் பாருங்கள், அரசே. தெரியும்."

ராஜா கையசைத்தார். தீவட்டிகள் நகர்ந்தன. அவர் பிறந்ததிலிருந்து பார்க்காத ஒன்று அவரைச் சுற்றிக் கவிந்தது. ராஜா கூத்தபிரானின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே பயந்துவிட்டார், பாவம். அப்போது பக்கத்தில் தொபுக்கென்று ஒரு சத்தம்.

"மந்திரியாரே, அங்கே வெளிச்சம் எப்படி இருக்கிறது?" என்று கூத்தபிரான் சாக்கடைப் பக்கம் திரும்பி விசாரித்தான். நரசிங்கராயர் சேறு சொட்டச் சொட்டக் கரையேறினார்.

அந்த வாரமே வளையல்காரத் தெருவில் வரிசையாகக் கல்தூண் நட்டு, எண்ணெய் விளக்கு வைத்தார்கள். அந்தி தோறும் நரசிங்கராயரே கூட நின்று ஏற்றவைக்க வேண்டும் என்று உத்தரவு.

விளக்குப் போட்ட தெருவில் கூட்டம் இரட்டிப்பாக வரும் என்று எண்ணி ராஜா மறுபடி உலா வந்தார். அவர் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. ஆட்கள் இருந்தார்கள், அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். எதிரே வந்தவர்கள் ஒரு கும்பிடு போட்டு ஒதுங்கியதோடு சரி. ராஜாவுக்கு முகம் வாடிவிட்டது.

"இத்தனையும் செய்தேன். என்னைப் பார்க்க ஒருவர்கூட வரவில்லையே."

"பொறுங்கள் அரசே. இனிமேல் வருகிறவர்தான் உங்களைப் பார்க்க வருகிறவர்" என்றான் கூத்தபிரான்.

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு கதவு திறந்தது. தட்டில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் வைத்துக்கொண்டு வேலம்மை வந்தாள். ராஜாவின் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

"தெய்வானைக்குத் தையில கல்யாணம். அவசியம் வரணும் மகாராசா. தீவட்டிய எல்லாம் அரண்மனையிலயே வச்சிட்டு, நீங்க மட்டும் வந்தாப் போதும்."

ராஜா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி மணப்பெண்ணுக்கென்று தட்டில் வைத்தார். கூத்தபிரானுக்கு என்ன பரிசு என்கிறீர்களா? கல்யாணப் பந்தியில் ராஜாவுக்குப் பக்கத்து இலை.