ஒன்பது ஓடக்காரர்களும் ஒரு மீசையும்

வேங்கைநாட்டு அரசன் வல்லியக்கோனுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, காதுவரை நீண்ட மீசை. மற்றொன்று, அவன் போட்ட சட்டம்: மனு மண்டபத்துக்கு வந்து யார் எதைக் கேட்டாலும் அது நடந்தே தீர வேண்டும்.

நல்ல சட்டம்தான். நல்ல சட்டங்களுக்குத்தான் மக்கள் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது.

ஆற்றங்கரை ஊரான நாணற்குடியிலிருந்து சீரங்காயி வந்தாள். "ஓடம் இருக்கு, ஓட்ட ஆளில்ல. ஒரு ஓடக்காரரை அனுப்புங்க சாமி." மனுக்களை எழுதிக்கொள்ளும் ஓலைநாயகம் குழைக்காதர் தலையாட்டினார். முடிவு என்ன என்று சொல்லவில்லை.

பத்து நாள் பார்த்துவிட்டு மறுபடி வந்தாள். "என் மனு என்ன ஆச்சு சாமி?"

"என்ன மனு?"

"ஓடக்காரர் கேட்டேனே."

"ஓடக்காரரா? எழுதிக்கொண்டேன், போ."

ஊர் திரும்பினால் ஓடக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். நாலு நாளில் இன்னொருவரும் வந்தார். ஒருவர் அதிகம் என்று சொல்லப் போனாள். 'ஓடக்காரர்' என்று வாயெடுத்ததுமே குழைக்காதரின் எழுத்தாணி ஓடத் தொடங்கிவிட்டது.

இப்படி ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஓடம் ஒன்றுதான். அரசன் அனுப்பிய ஆளுக்கு ஊர்தான் சோறு போட வேண்டும். ஒன்பது பேரும் நல்லவர்கள், நன்றாகச் சாப்பிடுபவர்கள். விதைநெல்லில் பாதி உலைக்குப் போய்விட்டது. மீதியும் போனால் அடுத்த மாதம் விதைக்க ஒரு மணி இருக்காது.

மறுபடி வந்த சீரங்காயி மண்டப வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த வழியாக வந்த அமைச்சர் தத்தனார், "ஏனம்மா நிற்கிறாய்? உள்ளே போயேன்" என்றார்.

"போனா பத்து ஆயிடும் சாமி."

கதையைக் கேட்ட தத்தனார் சிரிக்கவில்லை. நேரே அரண்மனை நாவிதர் மருதப்பரிடம் போனார்.

மறுநாள் காலை அரசன் கண்மூடிச் சாய்ந்தான். "மருதப்பா, மீசை நுனியில் இரண்டு பக்கமும் கொஞ்சம் குறை."

கறுக், கறுக்.

"குறைத்துவிட்டாயா?"

கறுக், கறுக்.

"என்ன, ஆயிற்றா?"

கறுக், கறுக்.

"ஆயிற்றா என்றுதானே கேட்டேன்!"

கறுக், கறுக்.

அரசன் துள்ளி எழுந்து தடவிப் பார்த்தான். மூக்கின் கீழே இரண்டு எறும்பளவுதான் மிச்சம். "அடேய்! உன் தலை..."

"தங்கள் சட்டம்தான் அரசே" என்று முன்னால் வந்தார் தத்தனார். "கேட்டது நடந்தே தீர வேண்டும். நான்கு முறை கேட்டீர்கள், நான்கு முறை நடந்தது."

"ஒரு முறைதானய்யா கேட்டேன்! மற்றதெல்லாம் என்ன ஆயிற்று என்ற விசாரிப்பு!"

"நாணற்குடி சீரங்காயியும் அதைத்தான் சொல்கிறாள்." நடந்ததை எல்லாம் விவரித்தார்.

"பிறகு எப்படித்தான் தெரிந்துகொள்வது?"

தத்தனார் ஒரு கண்ணாடியை நீட்டினார். "பாருங்கள். நூறு முறை பாருங்கள். பார்ப்பதால் ஒரு மயிரும் குறையாது. மனுவுக்கும் இப்படி ஒன்று வேண்டும். முடிவானதும் குழைக்காதர் அதை வெளிமதிலில் ஒரு கல்லில் எழுதட்டும். மனு கொடுத்தவருக்கு எந்தக் கல் என்று மட்டும் சொல்லி அனுப்பட்டும். அவர் எப்போது வந்தாலும் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பியும் பார்க்கலாம்."

"அப்படியானால் என்னிடம் யார் வருவார்கள்?" என்றார், தத்தனார் கூடவே அழைத்து வந்திருந்த குழைக்காதர்.

"புதிதாகக் கேட்பவர்கள் மட்டும்."

குழைக்காதரின் முகம் வாடிவிட்டது. மருதப்பருக்குத் தலை மிஞ்சியது. அதுவே அவருக்குப் பரிசு.

சீரங்காயியை அழைத்தார்கள். "எட்டு ஓடக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்கிறோம். தின்ற விதைநெல் நம் களஞ்சியத்திலிருந்து வரும்" என்றான் அரசன். அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, "என்றைக்கு வரும் என்று கேட்க மாட்டாயா?" என்றான்.

சீரங்காயி அந்த இரண்டு எறும்புகளையும் ஒரு கணம் பார்த்தாள்.

"கேக்கவே மாட்டேன் சாமி. எந்தக் கல்லுன்னு மட்டும் சொல்லுங்க."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த கையோடு மீசையை முறுக்கப் போனான். விரல்கள் வெறும் காற்றை முறுக்கிவிட்டுக் கீழே இறங்கின.