கரடியார் குகையில் குடியேறியவர்கள்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையில் வருகிறவர்களுக்கு உட்காரவே இடம் கிடையாது. கேட்கிற நாமாவது ஒட்டி உட்காருவோம்.

ஒரு காட்டுக்குள்ளே ஒரு குளம். குளத்தங்கரை முழுக்க வளைகள். கீரியும் முயலும் பெருச்சாளியும் அங்கேதான் குடியிருந்தன. ஆடி வெள்ளத்தில் கரை அப்படியே சரிந்து தண்ணீருக்குள் போனது. உயிர் தப்பியது. வீடு தப்பவில்லை.

அன்று பிடித்த அலைச்சல்! புதருக்கடியில் படுத்தால் காவல்கார நரி வந்துவிடும். "எந்திரி, எந்திரி! இது நடக்கிற வழி!" வேருக்கடியில் ஒதுங்கினால், "நகரு, நகரு! இது நிழலுக்கு விட்ட இடம்!" பாறை இடுக்கில் நுழைந்தால், "கிளம்பு! இங்கே என்ன கூட்டம்?"

செம்பி என்று ஒரு கீரி. அவளுக்கு வயிறு தள்ளியிருந்தது. இன்னும் நாலைந்து நாளில் குட்டி போடணும். ஐப்பசி மழையோ தலைக்கு மேலே கறுத்துக்கொண்டு நிற்கிறது. ஈரத்தரையில் போட்ட குட்டி பிழைக்காது. செம்பிக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. நடப்பாள், மண்ணைப் பிறாண்டுவாள், மறுபடி நடப்பாள்.

மலைச்சரிவில் வளைகள் இல்லாமலா? இருந்தன. முள்ளம்பன்றிகள் மலைக்கு அந்தப்பக்கம் குடிபோய் மூன்று வருஷம் ஆகிறது. அவை விட்டுப்போன வளைகளின் வாயை எல்லாம் காட்டுத் தலைவர் கரடியார் முள்ளை வைத்து அடைத்திருந்தார். ஏன் என்று கேட்க ஆளில்லை.

செம்பி ஓணானிடம் போனாள். அதுதான் கரடியாரின் எழுத்தர். அது தலையாட்டுகிற ஆட்டைப் பார்த்தால் ஆமாம் சொல்கிற மாதிரியே இருக்கும். வாயைத் திறந்தால் இல்லை என்று வரும்.

"ஐயா, ஒரு வளை வேணும்."

"தரலாமே! இப்போ எந்த வளையில குடியிருக்கே?"

"வளை இல்லாமத்தானே வந்து நிக்கிறேன்!"

"இருப்பிடம் சொன்னாத்தான் பேரு ஏறும். பேரு ஏறினாத்தான் வளை."

"இருப்பிடம் இருந்தா நான் ஏன் வரேன்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. சட்டம்." ஓணான் தலையை ஆட்டியது. "நான் நேர்ல வந்து பார்ப்பேன். ஆளு அங்கே இருக்கணும். பார்த்துப் பதிஞ்சுட்டா, வேற இடம் கொடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் உங்களைக் கிளப்பக் கூடாது. அதுவும் சட்டந்தான்! யாரும் தன் குகையைப் பிடுங்கிடக் கூடாதுன்னு கரடியாரே போட்டது."

செம்பியின் வால் ஆடுவது நின்றது.

"அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தரம் சொல்லுங்க ஐயா!"

மறுநாள் உச்சிவெயிலில் அவள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மலையேறினாள். கீரிக்கும் பெருச்சாளிக்கும் எந்தக் காலத்தில் ஆகும்? ஆனால் வீடு போனபின் பகையை வைத்துக்கொள்ளவும் இடமில்லை.

கரடியாருக்கு மூன்று குகை. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, தேன் வைக்க ஒன்று. அவர் வெயில் குகையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மழைக் குகை சும்மா கிடந்தது. அத்தனை பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

"நம்மளைக் கிழிச்சுத் தோரணம் கட்டப்போறாரு!" என்றாள் பெருச்சாளி அத்தை.

"கட்டட்டும் அத்தே. அந்தத் தோரணமாவது ஒரு இடத்துல தொங்கும்ல?"

பேர் பதிய ஓணான் வந்தது. பார்த்தது. தலை தானாக ஆடியது. ஆட்கள் இருக்கிறார்கள், இடம் இருக்கிறது, என்ன செய்யும்? ஒவ்வொரு பேராகப் பதிந்தது. இருப்பிடம், கரடியார் மழைக் குகை. இருப்பிடம், கரடியார் மழைக் குகை.

கரடியார் ஓடிவந்தார். "எவன்டா என் வீட்டுல?"

"பேரு ஏறினவங்க ஐயா!" என்றாள் செம்பி.

"வெளியே போங்க!"

"போறோம். வேற இடம் கொடுங்க, இப்பவே போறோம்."

"மழை முடியட்டும், யோசிக்கிறேன்."

"யோசிங்க ஐயா. நாங்க இருக்கோம்."

நரி வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. கரடியார் போட்ட சட்டத்தை அது எப்படி மீறும்? அவரே மீறினால் நாளைக்கு அவர் குகைகளுக்கு எது காவல்? ஒரு நாள் போனது. ரெண்டு நாள் போனது. கரடியார் உறுமும்போதெல்லாம் முயலக்கா எழுந்து ஓடப்பார்ப்பாள். பெருச்சாளி அத்தை அவள் காதைப் பிடித்து உட்காரவைப்பாள்.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. கரடியார் ஓணானோடு நனைந்துகொண்டு வெளியே நின்றார். "இப்போ போறீங்களா இல்லையா!" என்று ஒரு கத்தல்.

உள்ளேயிருந்து 'கீ' என்றொரு சத்தம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

"ஓணான் ஐயா!" மூச்சு வாங்கியது செம்பிக்கு. "இன்னும் மூணு பேரு எழுதிக்கோங்க. இருப்பிடம், கரடியார் மழைக் குகை!"

முயலக்கா தன் வயிற்றைத் தடவினாள். "எனக்கு வர்ற வாரம் ஆறு!"

"எனக்குப் பத்துக்குக் குறையாது!" என்றாள் பெருச்சாளி அத்தை.

கரடியார் குகையைப் பார்த்தார். வயிறுகளைப் பார்த்தார். அவ்வளவுதான்! ஆளை அனுப்பக்கூடப் பொறுக்கவில்லை. தானே சரிவுக்கு ஓடி முள்ளைப் பிடுங்கிப்போட்டார். கையெல்லாம் ரத்தம்.

பொழுது சாய்வதற்குள் எல்லாருக்கும் வளை கிடைத்தது. செம்பி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் காய்ந்த மண்ணில் கிடத்தினாள். அத்தையைக் காவல் வைத்துவிட்டு, அந்த மழையில் மறுபடி கீழே ஓணானிடம் இறங்கினாள்.

"உனக்குத்தான் வளை கிடைச்சுதே! இன்னும் என்ன?" என்றது ஓணான்.

"நாளைக்கு வேற ஒரு கரை இடியும் ஐயா. வீடு போனவகிட்ட வீடு எங்கேன்னு கேக்கிற அந்தக் கேள்வியைச் சட்டத்துலேருந்து அடிச்சுடுங்க."

சொல்லிவிட்டு, ஓணான் அதை அடித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இடமில்லாதவர்கள் தனித்தனியாகக் கெஞ்சினால் விரட்டுவார்கள். ஒன்றாக உட்கார்ந்தால்தான் வழி விடுவார்கள்.