மிளகாய் அரைத்த நாள்

எஸ்தர் இயக்கிய அந்தப் படத்தில் நாயகன் என்று தனியாக ஒருவர் கிடையாது. சைதாப்பேட்டையில் ஒரு மாவு மில், அங்கே டப்பாவோடு வந்து நிற்கிற ஜனம், அவர்கள் பேசுகிற வம்பு, அவ்வளவுதான். முழுக்கச் சிரிப்புப் படம். நடுவில் ஒரே ஓர் அழுகைக் காட்சி. அதை மட்டும் தன் உதவியாளர் சிவசைலத்திடம் விட்டிருந்தார்.

சிவசைலம் தன் குருவான எஸ்தரைவிட ஒன்பது வயது மூத்தவர். கண்டக்டர் வேலையை உதறிவிட்டு சினிமாவுக்கு வந்தவர். இத்தனை வருடத்தில் அவர் எடுத்தது அந்த ஒரு காட்சிதான். மனைவியைப் பறிகொடுத்த மில்காரர் மறுபடி கடை திறந்து, மிளகாய் அரைத்தபடியே அழுகிறார்.

படத்தை முதன்முதலில் போட்டுக் காட்டியபோது அந்த இடத்தில் தியேட்டரே சிரித்தது. மிளகாய் நெடியில் கண் கலங்குகிறது என்று நினைத்துவிட்டார்கள். காட்சியைத் தூக்கிவிடலாம் என்றார் தயாரிப்பாளர். அன்று சிவசைலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் எஸ்தர் வீட்டில் வந்து நின்றார். மிளகாயை அரிசியாக மாற்றி மறுபடி எடுக்கலாமா, பின்னால் சோகமாக வயலின் சேர்க்கலாமா என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்.

"அந்தச் சிரிப்பை எப்படி மேடம் நிறுத்துறது?"

எஸ்தர் அடுக்களைக்குப் போய் ஒரு கிலோ காய்ந்த மிளகாயைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்கண்ணே, அரைச்சிட்டு வந்துடலாம்."

படம் எடுத்த அதே மில். மில்காரர் ஏகாம்பரமும் மனைவியை இழந்தவர்தான். எஸ்தருக்குக் கதையே அவரிடமிருந்து கிடைத்தது. மிளகாய் விழுந்ததும் வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சிவசைலத்துக்கு அடுக்கடுக்காகத் தும்மல், தாரை தாரையாகக் கண்ணீர். யார் வீட்டு எழவுக்கு இந்த அழுகை என்று ஒரு பெண் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணில் நீரோடு ஏகாம்பரமும் சிரித்தார்.

மோட்டார் நின்றது. பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழையபடி பேச ஆரம்பித்தார்கள். எஸ்தர் ஏகாம்பரத்தின் பக்கத்தில் போய் மெல்லக் கேட்டார்.

"அக்கா காரியம் முடிஞ்சு கடை திறந்தீங்களே, அன்னைக்கு என்ன அரைச்சீங்க?"

"மிளகா மட்டும்தாம்மா. அரிசி, கோதுமையெல்லாம் நாளைக்கு எடுத்தாங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"ஏன்?"

"மிளகான்னா ஏன் அழுவுறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டுத் தூளைப் பையில் கொட்டினார். மற்றவர்கள் கண் காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். சிவசைலத்தால் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பும் வழியில் சூடு ஆறாத பையை அவர்தான் சுமந்து வந்தார்.

"அப்ப தியேட்டர்ல சிரிக்கிறவங்களை என்ன பண்றது மேடம்?"

"சிரிக்கட்டும். காட்சியை எங்க வெட்டுனீங்க?"

"மோட்டார் நிக்கிற இடத்துல. அதுக்கு மேலயும் ரெண்டு நிமிஷம் எடுத்து வச்சிருக்கேன். அதான் அரைச்சு முடிஞ்சிடுச்சேன்னு விட்டுட்டேன்."

எஸ்தர் நடப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தார்.

"மோட்டார் நின்னுடுச்சு. அவர் கண்ணீர் நின்னுச்சாண்ணே?"